உங்களுக்குத் தெரியுமா? புழுவின் பத்துக் கோடி எழுத்துகள்

★ அழுகிய பழத்திலும் எருக்குவியலிலும் வாழும் ஒரு மில்லிமீட்டர் புழு ஒன்றின் டி.என்.ஏ.வை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உங்கள் கைப்பேசியிலேயே படிக்கலாம். கட்டணம் கிடையாது. கடவுச்சொல் கிடையாது. நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்த உருளைப்புழுவின் பெயர் கேனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். ஆய்வகங்களில் சுருக்கமாக சி. எலிகன்ஸ். அதன் ஜீனோமைத் திரையில் விரித்துக் காட்டும் இணையக் கருவிக்கு ஜீனோம் பிரவுசர் என்று பெயர். அமெரிக்காவின் சான்டா குரூஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசரும், புழுவுக்கென்றே இருக்கும் வோர்ம்பேஸ் தளமும் அவற்றில் முக்கியமானவை.

★ மொத்தம் எத்தனை எழுத்துகள்? 10,02,86,401. இது 2013 பிப்ரவரியில் வெளியான ‘டபிள்யூ.பி.செல்.235’ என்ற தொகுப்பின் கணக்கு. யு.சி.எஸ்.சி. தளத்தில் இதே தொகுப்புக்கு ‘சி.இ.11’ என்று பெயர். ரோமன் எண் கொண்ட ஐந்து குரோமோசோம்கள், ஓர் எக்ஸ், அதோடு மைட்டோகாண்ட்ரியாவின் 13,794 எழுத்துகள். நீளமானது ஐந்தாம் குரோமோசோம்: 2,09,24,180. குட்டை மூன்றாவது: 1,37,83,801.

★ மனித ஜீனோம் இதைப்போல் முப்பது மடங்கு பெரியது. ஆனால் புரதம் செய்யும் மரபணுக்கள் புழுவுக்கும் ஏறத்தாழ 20,000; நமக்கும் ஏறத்தாழ 20,000.

★ இந்தப் புழுவை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்தவர். மரபணு எப்படி ஓர் உடலையும் அதன் நரம்பு மண்டலத்தையும் கட்டுகிறது என்று அறிய, எண்ணி முடிக்கக்கூடிய அளவு செல்கள் உள்ள ஒரு பிராணி வேண்டும் என்று 1963-இல் எழுதினார். சி. எலிகன்ஸ் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. உடம்பு ஒளிபுகும், மூன்றே நாளில் முட்டையிலிருந்து வளர்ந்து அடுத்த முட்டை இடும். இருபால் புழுவின் உடலில் 959 செல்கள். அவற்றில் 302 நரம்புச் செல்கள். தன்னைத் தானே சூல்கொள்ளச் செய்து ஒரு புழு சுமார் 300 குஞ்சுகள் ஈனும்.

இன்று பிரவுசரில் நாம் பார்க்கும் எழுத்துகள் ‘என்2’ என்ற ஒரே ஒரு புழு வம்சத்தினுடையவை. அதன் மூதாதை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே காளான் வளர்க்கும் எருவிலிருந்து எடுக்கப்பட்டது. உலகெங்கும் இந்த இனத்தை ஆராய்பவர்கள் தங்கள் புழுவை ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த பிரிஸ்டல் வம்சத்தோடுதான்.

★ முழு ஜீனோமும் படிக்கப்பட்ட முதல் பல செல் உயிர் இதுவே. 1998 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அப்போது கையில் இருந்தவை 9 கோடியே 70 லட்சம் எழுத்துகள். கண்டறிந்து சொன்ன மரபணுக்கள் 19,099. அங்கங்கே இடைவெளிகள் இருந்தன. கடைசி இடைவெளி 2002-இல் அடைபட்டது. வேலையைப் பங்கிட்டுக்கொண்டவை இரண்டு நிலையங்கள்: இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் ஜான் சல்ஸ்டன் தலைமையில் சாங்கர் மையம், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ராபர்ட் வாட்டர்ஸ்டன் தலைமையில் வாஷிங்டன் பல்கலைக்கழகம்.

★ பத்துக் கோடி எழுத்தை ஒரே மூச்சில் படிக்கும் இயந்திரம் அன்றைக்கு இல்லை. புழுவின் டி.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வளர்த்தார்கள். எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டு? அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவதை வைத்து, கலைந்துபோன ஏடுகளை வரிசைப்படுத்த முடியும் அல்லவா? அதே வழிதான். ஒரு துண்டின் ஓரமும் இன்னொன்றின் ஓரமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள். சல்ஸ்டனும் ஆலன் கோல்சனும் 1980-களில் இப்படிச் சேர்த்த வரைபடம்தான் பின்னால் எழுத்து எழுத்தாகப் படிக்க அடித்தளம் ஆனது. ‘அசெம்பிளி’ என்று பிரவுசரில் போட்டிருப்பது இப்படிச் சேர்த்த முழு வரிசையை.

அந்தத் துண்டுகளின் பெயர்கள் இன்னும் அழியவில்லை. ஒரு மரபணுவைச் சொடுக்கினால் ‘ஒய்55டி5ஏ.5’ என்பதுபோல் விசித்திரமான பெயர் ஒன்று வரும். ஒய் என்றால் ஈஸ்ட்டில் வளர்த்த துண்டு. புள்ளிக்குப் பின் வரும் எண், அந்தத் துண்டில் அடையாளம் கண்ட மரபணுவைக் குறிக்கும். முப்பது ஆண்டுக்கு முன் ஆய்வகக் குளிர்ப்பெட்டியில் இருந்த குப்பியின் பெயர், இன்றைய திரையில் மரபணுவின் முகவரியாக நிற்கிறது.

★ மனித ஜீனோம் படிக்கப்படும்போதே அன்றாடம் பொதுவில் வெளியிடப்பட்டது நினைவிருக்கலாம். அந்த வழக்கத்தை மனிதத் திட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் புழுக்காரர்கள். 1996 பிப்ரவரியில் பெர்முடா தீவில் நடந்த கூட்டத்தில், ஆயிரம் எழுத்துக்கு மேல் தொகுத்த எதையும் 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று முடிவானது. அதற்காக முன்னின்றவர்கள் சல்ஸ்டனும் வாட்டர்ஸ்டனும். தங்கள் கட்டுரை அச்சாகும்வரை தரவைப் பூட்டி வைப்பது அக்காலத்தில் சாதாரணம். புழு ஆய்வாளர்களோ முதலிலிருந்தே வரைபடத்தையும் எழுத்துகளையும் பகிர்ந்துகொண்டே வந்தார்கள். அறிவியலில் இந்தப் புழு செய்த பெரிய காரியம் எது என்று கேட்டால், நோபல் பரிசுகளுக்கு முன்னால் இதைத்தான் நான் சொல்வேன்.

★ யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசர் மனிதனுக்காகத் தொடங்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முன்னோடி இந்தப் புழுவுக்காக எழுதப்பட்டது. அனிமேஷன் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த ஜிம் கென்ட், உயிரியல் படிக்க வேண்டும் என்று மறுபடியும் மாணவரானவர். சி. எலிகன்ஸ் மரபணுக்கள் எங்கே வெட்டி ஒட்டப்படுகின்றன என்று பார்ப்பதற்காக, ஆலன் ஸாலருடன் சேர்ந்து ‘இன்ட்ரோனரேட்டர்’ என்ற தளத்தை உருவாக்கினார். 2000-ஆம் ஆண்டில் மனித ஜீனோமின் துண்டுகளைச் சேர்க்க மென்பொருள் இல்லாமல் பொதுத் திட்டம் தவித்தபோது, இதே கென்ட் சுமார் ஒரு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து அதை எழுதி முடித்தார். மணிக்கட்டு வலிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார் என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. 2000 ஜூலை 7 அன்று மனிதனின் முதல் வரைவு இணையத்துக்கு வந்தது. அதைக் காட்ட விரைவிலேயே எழுந்த பிரவுசர், புழுவுக்காகச் செய்த திரையின் வளர்ச்சிதான்.

★ தேடுவது எப்படி? மூன்று வழி உண்டு. மரபணுவின் பெயர் தெரிந்தால் பெயரைத் தட்டலாம். இடம் தெரிந்தால் குரோமோசோமும் எண்ணும் கொடுக்கலாம். இரண்டும் தெரியாது, கையில் ஒரு துண்டு வரிசை மட்டும் இருக்கிறது என்றால் ‘பிளாட்’ என்ற கருவியில் அதை ஒட்டலாம். பிளாட்டையும் ஜிம் கென்ட்தான் எழுதினார், 2002-இல் வெளியிட்டார்.

★ இடத்தைக் கொடுத்துத் தேடும் வழியில் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: முதல் குரோமோசோமின் 1 முதல் 60 வரை. ஆங்கிலத்தில் ‘சி.எச்.ஆர்.’ என்ற மூன்றெழுத்து, ஒட்டினாற்போல் ரோமன் எண் ஒன்று, பிறகு முக்காற்புள்ளி, தொடக்க எண், சிறுகோடு, முடிவு எண். இதுதான் முகவரி எழுதும் முறை. பட்டனை அழுத்தியதும் திரையின் மேற்பகுதியில் எழுத்துகள் வரிசையாக வரும்: ஜி, சி, சி, டி, ஏ, ஏ, மறுபடி ஜி, சி, சி, டி, ஏ, ஏ, மறுபடியும் அதுவே. திரை முழுக்க இந்த ஆறெழுத்துதான்.

இது குரோமோசோமின் நுனி. டீலோமியர் என்பார்கள். மரபணு எதுவும் இங்கே இல்லை; நுனி தேயாமல் காப்பதே இதன் வேலை. எழுத்து வரிசைக்கு இடப்பக்கம் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைச் சொடுக்கினால் இரட்டை இழையின் எதிர் இழை தெரியும். அதை உரிய திசையில், வலமிருந்து இடமாகப் படித்தால் டி, டி, ஏ, ஜி, ஜி, சி. நம்முடைய குரோமோசோம் நுனியில் இருப்பது என்ன தெரியுமா? டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி. ஆறில் ஐந்து எழுத்து ஒன்று. கடைசி எழுத்தில் மட்டுமே புழுவும் மனிதனும் வேறுபடுகிறார்கள். பாடநூலில் படிக்கும்போது கடந்துபோய்விடும் செய்தி இது. நாமே முகவரி கொடுத்துக் கண்ணால் பார்க்கும்போது மறப்பதில்லை.

★ மரபணுப் பெயர்களில் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் மூன்று ஆங்கில எழுத்து, சிறுகோடு, ஓர் எண். அந்த மூன்றெழுத்து, மரபணு கெட்டுப்போனால் புழுவுக்கு என்ன ஆகும் என்று சொல்லும். ‘அன்க்’ என்றால் நெளிவு சீராக இராது. ‘டி.பி.ஒய்.’ என்றால் குட்டையாகக் குண்டாக இருக்கும். ‘லான்’ நீளம், ‘ரோல்’ உருண்டு உருண்டு நகர்வது, ‘லெட்’ உயிரே போய்விடும், ‘செட்’ என்றால் செல் சாவதில் கோளாறு. பிரென்னர் 1974-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரும் மரபு இது. தேடும்போது சிறுகோட்டையும் சேர்த்தே தட்டுங்கள்.

★ திரையில் தடித்த பெட்டிகள் எக்ஸான்கள். அவற்றை இணைக்கும் மெல்லிய கோடு, ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான். பெட்டியின் நுனி மெலிந்திருந்தால் அந்தப் பகுதி ஆர்.என்.ஏ.வில் உண்டு, புரதத்தில் இல்லை என்று பொருள். கோட்டின் மேல் சின்னச் சின்ன அம்புகள் மரபணு படிக்கப்படும் திசையைக் காட்டும். மனித மரபணுக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புழுவின் திரை நெருக்கமாகத் தெரியும். காரணம், இங்கே பல இன்ட்ரான்கள் வெறும் 50, 60 எழுத்துகள்தான். மனிதனில் ஆயிரக்கணக்கில் போகும்.

★ சில இடங்களில் மூன்று நான்கு மரபணுக்கள் ஒரே திசையில் ஒட்டி ஒட்டி நிற்கும். தற்செயல் அல்ல. புழுவின் மரபணுக்களில் ஏறத்தாழ 15 சதவீதம் ‘ஓப்பரான்’களாக இருக்கின்றன, அதாவது பல மரபணுக்கள் சேர்ந்து ஒரே நீண்ட ஆர்.என்.ஏ.வாகப் படிக்கப்பட்டு, பிறகு தனித்தனியே நறுக்கப்படுகின்றன. பாக்டீரியாவில் மட்டுமே உண்டு என்று நினைத்திருந்த இந்த ஏற்பாடு புழுவிலும் இருப்பது 1993-இல் தெரியவந்தது.

மூன்றாம் குரோமோசோமில் ‘செட்-9’ என்று தேடிப் பாருங்கள். செல் சாகாமல் தடுக்கும் மரபணு அது. அதே ஓப்பரானில் பக்கத்தில் நிற்பது மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு புரதத்துக்கான மரபணு. செட்-9-க்கு மனிதனில் உறவு, புற்றுநோய் ஆய்வில் பேர்போன பி.சி.எல்.-2. மனிதனின் அந்த மரபணுவைப் புழுவுக்குள் வைத்தால் புழுவின் செல் சாவையும் அது தடுக்கிறது என்று 1992-இலேயே காட்டிவிட்டார்கள். புழு வளரும்போது பிறக்கும் 1,090 செல்களில் சரியாக 131 செல்கள் குறித்த நேரத்தில் சாகின்றன. இந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

★ புழுவின் ஓர் ஆர்.என்.ஏ.வைப் படித்து அந்த வரிசையை அப்படியே பிளாட்டில் ஒட்டினால், பல நேரம் முதல் 22 எழுத்து மட்டும் மரபணு இருக்கும் இடத்தில் பொருந்தாது. புதிதாக வருபவர்கள் தங்கள் வரிசையில்தான் பிழை என்று நினைத்துவிடுவார்கள். பிழை இல்லை. புழுவில் பெரும்பாலான ஆர்.என்.ஏ.க்களின் தலையில் ‘எஸ்.எல்.1’ என்ற 22 எழுத்துத் துண்டு வேறோர் இடத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துண்டைச் செய்யும் மரபணுக்கள் ஐந்தாம் குரோமோசோமில் அடுக்காக நிற்கின்றன. இது 1987-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

★ 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வெறும் 22 எழுத்து ஆர்.என்.ஏ. ஒன்றில் தொடங்கிய கதைக்குத்தான். ‘லின்-4’ என்ற மரபணு கெட்டால் புழு இளம்பருவத்து வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். விக்டர் ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் அந்த மரபணுவைத் துரத்தினார்கள். புரதம் எதையும் அது செய்யவில்லை. இன்னொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் ஒளிந்திருந்தது. அதிலிருந்து வந்ததெல்லாம் குட்டி ஆர்.என்.ஏ. மட்டும். கேரி ரவ்கனின் ஆய்வகம் அப்போது ‘லின்-14’ என்ற மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தது. 1992-இல் ஆம்ப்ரோஸும் ரவ்கனும் தங்கள் வரிசைகளைப் பகிர்ந்துகொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, லின்-14 ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஏழு இடங்கள் லின்-4-உடன் இணை சேரும்படி இருந்தன. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ஒரு துறையே அங்கே பிறந்தது. இருவரின் கட்டுரைகளும் 1993 டிசம்பரில் ஒரே இதழில் வந்தன.

இன்றைக்கு லின்-4 என்று தட்டினால் நொடியில் இரண்டாம் குரோமோசோமுக்குப் போய் நிற்கலாம். அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதவர்கள் பெரிதாக்கும் பட்டனை அழுத்திக்கொண்டே போக வேண்டியிருக்கும். அதைக் கண்டுபிடித்தவர்கள் பிரவுசர் இல்லாத காலத்தில் ஆண்டுக்கணக்காகத் தேடினார்கள்.

★ எக்ஸ் குரோமோசோமில் உள்ள ‘லெட்-7’ இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. அதே வரிசை பழ ஈயில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, மனிதனில் இருக்கிறது. 2000-இல் இது வெளிவந்த பிறகுதான், லின்-4 புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்ற எண்ணம் மாறியது.

★ ஓர் இனத்தில் மாறாமல் நிற்கும் எழுத்துகளைக் கண்டுபிடிக்கப் பக்கத்து இனங்களோடு ஒப்பிட வேண்டும். சி.இ.11 திரையில் 26 உருளைப்புழுக்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் ‘டிராக்’ என்ற பட்டை உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இனங்களிலும் மாறாத இடம் உயரமான மேடாகத் தெரியும். எக்ஸான்கள் மேடு கட்டி நிற்பது எதிர்பார்த்ததுதான். எந்த மரபணுவும் குறிக்கப்படாத வெற்றிடத்தில் ஒரு மேடு எழுந்து நின்றால், அங்கே கொஞ்ச நேரம் செலவிடுங்கள்.

★ அந்த 26-இல் ஒன்றின் பெயர் கேனோராப்டைட்டிஸ் பிரென்னேரி. சிட்னி பிரென்னர் நினைவாக வைத்தது.

★ ‘அன்க்-54’ என்பது தசையின் மையோசின் புரதத்துக்கான மரபணு. முதல் குரோமோசோமின் வலக்கோடியில் இருக்கிறது. ஆய்வகங்கள் புழுவுக்குள் வெளி மரபணுவைச் செலுத்தும்போது, அதன் முடிவில் அன்க்-54-இன் வால்பகுதியை ஒட்டி அனுப்புவது பல ஆண்டு வழக்கம். ஆகவே அப்படி மாற்றப்பட்ட புழுவின் ஆர்.என்.ஏ. தரவைப் பிரவுசரில் ஏற்றிப் பார்த்தால், அன்க்-54-இன் வாலில் மட்டும் மலைபோல் குவியல் தெரியும். தசை மரபணு திடீரென்று பொங்கிவிட்டது என்று யாரும் கட்டுரை எழுதிவிடக் கூடாது.

★ தொகுப்பின் பெயரைப் பார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள். 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கும் இட எண்ணை 2013 தொகுப்பில் தட்டினால் பக்கத்தில் எங்கோ போய் நிற்கலாம். இடையில் எழுத்துகள் சேர்க்கப்பட்டன, நீக்கப்பட்டன. ஓர் எழுத்து சேர்ந்தால்கூட அதற்கு வலப்பக்கம் உள்ள எல்லா எண்களும் நகர்ந்துவிடும். பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்ற ‘லிஃப்ட்ஓவர்’ என்ற கருவி அதே தளத்தில் இருக்கிறது.

எண்ணுவதிலும் ஒரு கண்ணி உண்டு. திரையில் முதல் எழுத்தின் எண் 1. ஆனால் தரவுக் கோப்பாக இறக்கினால், ‘பெட்’ வகைக் கோப்பில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். திரையில் 1 முதல் 100 வரை என்பது கோப்பில் 0, 100 என்று இருக்கும். இரண்டும் ஒரே நூறு எழுத்துதான். இதை அறியாமல் ஓர் எழுத்து தள்ளிப்போன பட்டியல்கள் ஏராளம். எந்தக் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுத்தாலும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

★ இடைவெளியே இல்லாத ஜீனோம் என்று பேர் வாங்கிய இதிலும் எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஒரே வரிசை அடுக்கடுக்காகத் திரும்ப வரும் இடங்களில் பழைய முறை குழம்பியிருந்தது. நீண்ட துண்டுகளை ஒரே வீச்சில் படிக்கும் புதிய இயந்திரங்களைக் கொண்டு, என்2 வழிவந்த ஒரு புழுவை மறுபடி படித்தபோது சுமார் 18 லட்சம் எழுத்துகள் கூடுதலாகக் கிடைத்தன. இது 2019-இல் வெளியானது.

★ சி. எலிகன்ஸ் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அதன் உறவினர்கள் நம் குழந்தைகளின் குடலிலும், ஆடுகளின் இரைப்பையிலும், தக்காளி, கத்தரிச் செடியின் வேரிலும் இருக்கிறார்கள். அவற்றின் ஜீனோம்களுக்கென்று ‘வோர்ம்பேஸ் பாராசைட்’ என்ற தனித் தளம் இருக்கிறது. கொக்கிப்புழு, நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் அஸ்காரிஸ், யானைக்கால் நோய் தரும் புழுக்கள், வேர்முடிச்சு நூற்புழு எல்லாம் அங்கே உண்டு.

பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை எப்படி வேலை செய்கிறது? புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த வகை மருந்துக்குப் புழு பணியாமல் போவதற்குக் காரணமான மரபணு 1989-இல் சி. எலிகன்ஸில் அடையாளம் காணப்பட்டது. ‘பென்-1’ என்று பெயர். மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. பிறகு ஆட்டின் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவில் பார்த்தார்கள். மருந்துக்கு அசையாத புழுக்களில் டியூபுலினின் 200-ஆம் அமினோ அமிலம் மாறியிருந்தது. டி, டி, சி என்று இருக்க வேண்டிய மூன்றெழுத்து டி, ஏ, சி என்று ஆகியிருந்தது. நடுவில் ஒரே ஓர் எழுத்து. அதே மருந்தை மாற்றாமல் ஆண்டுக்கணக்காகக் கொடுத்துவரும் மந்தைகளில் இந்த ஓர் எழுத்துப் புழுக்களே மிஞ்சுகின்றன. ஆடு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்தை முறைப்படுத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

★ அஸ்காரிஸின் ஜீனோம் எவ்வளவு என்று கேட்டால், உடம்பில் எந்தச் செல்லில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். கரு வளரத் தொடங்கியதும், உடலாகப் போகும் செல்கள் தங்கள் டி.என்.ஏ.வில் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிடுகின்றன. முட்டையும் விந்துவும் ஆகப்போகும் செல்கள் மட்டும் முழுவதையும் வைத்துக்கொள்கின்றன. குதிரையின் புழுவில் இதை 1887-இல் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவர் தியோடோர் போவேரி. பன்றியின் அஸ்காரிஸில் 2012-இல் கணக்கெடுத்தபோது, எறியப்படுவது ஜீனோமில் ஏறத்தாழ 13 சதவீதம், அதில் சுமார் 700 மரபணுக்கள் என்று தெரிந்தது.

★ யானைக்கால் நோய் தரும் புருகியா மலாயி புழுவின் ஜீனோம் 2007-இல் வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, அந்தப் புழுவுக்குள் குடியிருக்கும் வுல்பாக்கியா என்ற பாக்டீரியாவின் ஜீனோம் வந்துவிட்டது. அந்தப் பாக்டீரியா இல்லாமல் புழு குட்டி போட முடியாது. டாக்சிசைக்கிளின் என்ற சாதாரண ஆன்டிபயாடிக்கைச் சில வாரம் கொடுத்தால் பாக்டீரியா சாகிறது, புழு மலடாகிறது. நம்மூரில் பெரும்பாலும் இந்த நோயைத் தருவது இதன் உறவான வுச்செரேரியா பேங்க்ராஃப்டி. அதற்குள்ளும் வுல்பாக்கியா உண்டு. இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்றளித்தது.

★ கடைசியாக உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் இணைய வசதியுள்ள கணினி ஒன்று இருந்தால் போதும்; மரபணு பாடம் நடத்தும்போது ஒரு பீரியட்டை இதற்கு ஒதுக்குங்கள். யு.சி.எஸ்.சி. ஜீனோம் பிரவுசரைத் திறந்து, சி. எலிகன்ஸைத் தேர்ந்தெடுத்து, ‘டாஃப்-2’ என்று மாணவர்களையே தட்டச் சொல்லுங்கள். அந்த மரபணு பலவீனமானால் புழுவின் ஆயுள் இரட்டிப்பாகிறது என்று சிந்தியா கென்யான் 1993-இல் காட்டினார். அது இன்சுலின் ஏற்பிக்கு உறவான மரபணு என்பது 1997-இல் தெரிந்தது. எக்ஸான் எது, இன்ட்ரான் எது, எந்தத் திசையில் படிக்கப்படுகிறது என்று மாணவர்களே விரல் வைத்துச் சொல்லட்டும். ஆங்கிலப் பெயர்கள் முதல் பத்து நிமிடம் மிரட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று தமிழில் விளக்குங்கள்.